கொய்யா, சாவி, குடை, ரயில், உப்பு

தலையில் அடிபட்டு வருகிறவர்களிடம் இந்த ஐந்து வார்த்தைகளைத்தான் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்னதும் திருப்பிச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து, நான் எடுத்துக் கொடுக்காமல் மறுபடி சொல்ல வேண்டும். ஆளுக்கு ஆள் வார்த்தையை மாற்றுங்கள் என்று பயிற்சியிலேயே சொன்னார்கள். கேஷுவாலிட்டியில் நமக்கு எங்கே நேரம்? வாயில் பழகியதே வந்தது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன நர்சிங் ஹோமின் பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது.

ஒரு திங்கட்கிழமை காலை, சேத்தூர்ப் பெண் மாரீஸ்வரியை அவள் அண்ணன் செல்வம் கைத்தாங்கலாக அழைத்துவந்தான். அவன் பட்டாளத்தில் இருப்பவன். தங்கைக்கு வியாழக்கிழமை போலீஸ் வேலைக்கான ஓட்டப் பரீட்சை. அதற்காகவே லீவு போட்டு வந்திருக்கிறான். பயிற்சிக்குப் பைக்கில் கூட்டிப் போகும்போது நாய் குறுக்கே வந்து, பின்னால் இருந்தவள் தலை ரோட்டில் அடித்துவிட்டது. கொஞ்ச நேரம் நினைவில்லை, ஒரு முறை வாந்தி.

சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. "கன்கஷன். மூளை அதிர்ந்திருக்கு. அட்மிட் பண்ணிப் பாருங்க சிஸ்டர்" என்றார் டாக்டர். டார்ச் அடித்துக் கண்மணி பார்த்தேன். ஒரே கோட்டில் நடக்கச் சொன்னேன், தள்ளாடினாள். ஐந்து வார்த்தைகளில் இரண்டுதான் சொன்னாள்.

மதியம் கேட்டபோது நான்கு. நாலு மணிக்கு ஐந்தும், வரிசை பிசகாமல். டாக்டரே, "இப்படியே இருந்தா காலைல அனுப்பிரலாம்" என்றார். எனக்கும் சந்தோஷம்தான்.

அரை மணி நேரம் கழித்து தெர்மாமீட்டரோடு போனேன். "தலைவலி எப்படி இருக்கு மாரி?" என்றேன்.

"கொய்யா, சாவி, குடை, ரயில், உப்பு" என்றாள்.

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு செல்வத்தைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாரி, இப்ப வேற சொல்லுதேன். பானை, ஜன்னல், எலுமிச்சை, வண்டி, கயிறு."

"பானை..." என்றாள். யோசித்தாள். "உப்பு."

செல்வத்தை வராந்தாவுக்கு இழுத்துப் போனேன். "ஏலே, சொல்லிக் குடுத்தியா?"

"காலையிலேருந்து அம்புட்டு பேர்ட்டயும் அதையே கேக்கீய சிஸ்டர். பக்கத்துப் பெட்காரருக்கே மனப்பாடம். வியாழக்கிழமை கிரவுண்டு. அவ ரெண்டு வருசமா ஓடுதா. விட்டா அடுத்த செலக்‌ஷன் எப்பன்னு யாருக்குத் தெரியும்? வண்டி ஓட்டுனது நான். என்னால போச்சுன்னு ஆயிரும்லா?"

"இந்த மண்டையோட ஓடி அங்கயும் விழுந்தா? ரெண்டாவது அடி ஆளையே கொண்டுபோயிரும்லே."

"அவ தெளிவாத்தான் இருக்கா. நீங்க டாக்டர்ட்ட சொல்லாம இருந்தாப் போதும்."

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் பாதி, என் மேல் பாதி. "வா, நீயே கேளு. அவளுக்கு நீ சொல்லிக் குடுக்காத ஒண்ணைக் கேளு."

உள்ளே வந்து தங்கை பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏட்டி மாரி, இன்னைக்கு என்ன கிழமை?"

"என்னண்ணே இப்படிக் கேக்க? வியாழக்கிழமை" என்று எழுந்தாள். "என் ஷூ எங்க? கிரவுண்டுக்கு நேரமாச்சு, வண்டிய எடு."

செல்வம் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். அப்புறம் சத்தம் போட்டு அழுதான். "டாக்டரக் கூப்பிடுங்க சிஸ்டர்" என்றான்.

மறுபடி ஸ்கேன் எடுத்தோம். நல்லவேளை, கசிவு இல்லை. தெளிய மூன்று நாளானது. வியாழக்கிழமை அவள் எங்கள் வார்டில்தான் இருந்தாள். பரீட்சை போயிற்று.

அன்றே ஒரு நோட்டில் இருபது வரிசை வார்த்தைகள் எழுதினேன். ஒரு ஆளுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வரிசை, கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேள்வி. இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளே, அது பெரிய வேலை இல்லை. பதினோரு வருடத்தில் இன்னும் எத்தனை பேர் மனப்பாடமாகச் சொல்லி வீட்டுக்குப் போனார்களோ, எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.

சில மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மாரீஸ்வரியைப் பார்த்தேன். மறுபடி ஓட ஆரம்பித்திருந்தாள். கோபம் போகவில்லை.

"அண்ணன் எல்லாம் சொன்னான். நீங்க மட்டும் வார்த்தைய மாத்தாம இருந்திருந்தா இந்நேரம் நான் போலீஸ், சிஸ்டர்."

"அன்னைக்கு ஷூவக் கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

"ஷூவா? நானா?" என்றாள். விழுந்தது, முதல் நாள் வார்டு, அண்ணன் அழுதது, எதுவும் நினைவில்லை. "ஆனா அந்த அஞ்சு வார்த்தை இருக்கு. சொல்லட்டா?"

வேண்டாம் என்றேன்.