சனிக்கிழமை பதினோரு மணி டாக்டர்

எங்கள் வீட்டுக்கு டாக்டர் ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு வருவார். வருவார் என்றால் செல்போனில். அன்றைக்கு என் கணவரின் அலங்காரத்தைப் பார்க்க வேண்டும். முகச்சவரம், திருநீறு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கீழே மட்டும் பழைய சாரம். இடுப்புக்குக் கீழே டாக்டருக்குத் தெரியவா போகிறது என்பார். போனைத் துவரம்பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்து, முன்னறை ஜன்னலோரம் சிக்னல் கிடைக்கிற இடத்தில் இருவரும் ஒட்டி உட்காருவோம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் அப்படி ஒட்டி உட்கார்ந்ததே அந்த டாக்டர் புண்ணியத்தில்தான்.

இதெல்லாம் வைகாசியில் ஆரம்பித்தது. புளியங்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அப்படியே தலைசுற்றிச் சாய்ந்துவிட்டார். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். பிரஷர் இருநூறைத் தாண்டி நின்றது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் மூளையில் நரம்பு வெடித்துக் கை கால் விழுந்திருக்கும் என்றார்கள். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் திருநெல்வேலிக்கு அலைய வேண்டாமென்று, சென்னையில் இருக்கிற எங்கள் மகள்தான் இந்த வீடியோ டாக்டருக்கு ஏற்பாடு செய்தாள்.

டாக்டர் சின்னப் பெண். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. பொறுமையான பெண். போனுக்கு ஒரு லிங்க் வரும், அதைத் தொட்டால் கொஞ்ச நேரம் ஒரு வட்டம் சுற்றும், பிறகு அவர் முகம் வரும். மாத்திரை அட்டைகளைக் காமிராவுக்கு நேராகக் காட்டச் சொல்வார். எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார். கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று என்னைக் காட்டச் சொல்வார். முடிந்ததும் மருந்துச் சீட்டு வாட்ஸ்அப்பில் வந்துவிடும். மெடிக்கலில் போனை நீட்டினால் போதும். இவ்வளவுக்கும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. காலையிலும் மாலையிலும் வீட்டு மெஷினில் பிரஷர் பார்த்து, அந்த எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். நான் தொட்டுப் பார்க்க முடியாது, நீங்க அனுப்புறதை நம்பித்தான் மருந்து எழுதுறேன் என்று முதல் நாளே சொன்னார்.

முதல் நாள் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, சந்தேகம் ஏதாவது உண்டா சார் என்றார். என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "அருவியில குளிக்கலாமா டாக்டர்?"

பிழைத்து வந்து முழுதாகப் பத்து நாள் ஆகவில்லை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் தென்காசிக்காரர்களுக்கு இது புரியும். சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் இங்கே பல ஆண்களுக்கு வீட்டுக் குளியலறை கண்ணுக்கே தெரியாது. விடிவதற்குள் துண்டோடு குற்றாலத்துக்கு வண்டி ஏறிவிடுவார்கள். அருவித் தண்ணீரில் மூலிகை ஓடுகிறது, அதில் போகாத நோயே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். இவர் அதிலும் ஒரு படி மேல். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சீசன் பந்தோபஸ்து என்று வருஷா வருஷம் மெயின் அருவியில் விசில் ஊதிக் கூட்டத்தை விரட்டியவர். ஊரை வெளியேற்றிவிட்டுத் தான் மட்டும் குளித்த சுகம் அவருக்கு மறக்கவில்லை.

"இப்ப வேண்டாம் சார். சில்லுனு அவ்வளவு வேகமா தண்ணி தலையில விழுந்தா பிரஷர் சட்டுனு ஏறும். ஒரு மாசத்துக்கு மேல் நம்பர் நூத்தி நாப்பதுக்குக் கீழ இருக்கட்டும். அப்புறம் யோசிக்கலாம்" என்றார் டாக்டர். இவர் முகம் விழுந்துவிட்டது.

முதல் வாரம் எண்கள் இறங்கவில்லை. நூற்று எழுபது, நூற்று எண்பது என்றே நின்றன. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் காலை, அடுப்படிக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, இங்கன உக்காரு. உனக்கும் பாத்துக்கிடுவோம். உனக்கும் வயசு ஆகுதுல்லா."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட டியூட்டி என்று போனவர் இவர். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு, அடுப்பைத் தானே அணைத்து, என் சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையில் பட்டையைச் சுற்றினார். அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரு, ஒண்ணும் யோசிக்காத என்றார். ராத்திரி தூங்குனியா, முட்டி வலி எப்படி இருக்கு என்று விசாரித்தார். நூற்று இருபத்தாறு வந்தது. "சூப்பர்ட்டி" என்று என் முதுகில் தட்டிவிட்டு, தனக்கும் பார்க்க வேண்டுமென்று மெஷினோடு முன்னறைக்குப் போனார்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் அந்த ஐந்து நிமிஷத்துக்குக் காத்திருக்கத் தொடங்கினேன். வெந்த சோற்றை வடித்து, கையைத் துடைத்து, அவர் கூப்பிடுவதற்கு முன்பே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். சாவு பயம் மனுஷனை இப்படி மாற்றிவிட்டதே என்று நினைத்தேன். மகளிடம் போனில் பெருமையடித்தேன். "உங்கப்பாவா இது? நம்பமுடியலட்டி" என்றேன். அவளும் சிரித்தாள்.

தன் பிரஷரும் இறங்கிவிட்டது என்று சொன்னார். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளிலும் டாக்டர் பாராட்டினார். நூற்று இருபத்தெட்டு, நூற்று முப்பது, நூற்று இருபத்துநான்கு. ஒரு மாதம் கழிந்ததும் ஒரு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். ரொம்பத் தண்ணி விழுற இடத்துல நிக்காம பத்து நிமிஷம் குளிச்சுக்கோங்க சார் என்று உத்தரவும் கொடுத்தார். ஆடி பிறந்திருந்தது, நல்ல சாரல். மறுநாள் விடியும்போது இவர் வீட்டில் இல்லை. பத்து நிமிஷமாவது, மண்ணாவது. கண்ணெல்லாம் சிவக்க ஏழு மணிக்கு வந்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமையும் பருப்பு டப்பா, வெள்ளைச் சட்டை எல்லாம் வழக்கம்போல் நடந்தது. டாக்டர் மட்டும் வழக்கம்போல் சிரிக்கவில்லை. எதையோ திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இப்ப ஒரு மாசமா வர்ற எல்லாப் போட்டோவிலயும் பல்ஸ் எண்பத்தாறு, எண்பத்தெட்டுனு இருக்கு. நீங்க சாப்பிடுற மாத்திரைக்கு பல்ஸ் அறுபது, அறுபத்தஞ்சுக்கு வந்திருக்கணுமே. மாத்திரை ஒழுங்கா எடுக்கிறீங்களா?"

"எடுக்காரு டாக்டர். நாந்தான் தண்ணி கொண்டு குடுக்கேன்" என்றேன் நான்.

"அப்ப மெஷினைக் கொண்டு வாங்க. இப்பவே, என் முன்னாடி பாருங்க."

இவர் எழுந்திருக்கவில்லை. பேட்டரி இல்லை என்று முனகினார். காலையில்தானே பார்த்தோம் என்று நானே போய் எடுத்து வந்தேன். பெரிய உதவி செய்கிற நினைப்பு எனக்கு. நானே அவர் கையில் சுற்றிப் பட்டனை அழுத்தினேன். எண் ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது. நூற்றுத் தொண்ணூற்றாறு. கீழே நூற்றுப் பன்னிரண்டு. பல்ஸ் அறுபத்திரண்டு.

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார், "சார், இத்தனை நாள் அனுப்பினது யாரோட போட்டோ?"

இவர் என்னைப் பார்க்கவில்லை. நேராகப் போனைப் பார்த்து, விசாரணையில் பதில் சொல்கிற குரலில் சொன்னார்:

"நாங்க ரெண்டு பேருமே பாப்போம் டாக்டர். எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது. என் போன்ல போட்டோ அனுப்புதது இவதான். அவளுதை மாத்தி அனுப்பிட்டா போல."

அந்த போனை நான் தொட்டதுகூடக் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவள் நான், எந்த எண் யாருடையது என்று தெரியாதவள் ஆகிவிட்டேன். அந்த ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. அடுப்பை அணைத்தது, நாற்காலியை இழுத்துப் போட்டது, முட்டி வலியைக் கேட்டது.

"அம்மா, இது விளையாட்டு இல்லம்மா. அந்த நம்பரைப் பாத்துத்தான் நான் மருந்தைக் குறைச்சேன். அவர் உயிருக்கே ஆபத்தா முடிஞ்சிருக்கும்" என்றார் டாக்டர். என் மகள் வயதுப் பெண். அவர் சொன்னதில் தப்பில்லை. பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெளி ஆள் முன்னால் புருஷனைப் பொய்யன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "தப்பாப் போச்சு டாக்டர்" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

உடனே பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். ஆட்டோவில் போகும்போதே மகள் அழைத்தாள். அதற்குள் இவர் அவளுக்கும் செய்தி அனுப்பியிருந்தார்.

"ஏம்மா, ஒரு போட்டோவை ஒழுங்கா அனுப்பத் தெரியாதா? அப்பாவுக்கு எதாவது ஆகியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

நான் போனை வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன்.

"எதுக்கு இப்பிடிச் செஞ்சீங்க?"

"சீசன் போயிரும்லாட்டி" என்றார். குழந்தை மாதிரி மெல்லச் சொன்னார். "ரெண்டு நாளு அருவியில நின்னா தானா இறங்கிரும்னு நெனச்சேன். மாத்திரையில இறங்காதது மூலிகைத் தண்ணியில இறங்கும்லா."

"அது கெடக்கட்டும். அஞ்சு நிமிஷம் உக்காரு, ஒண்ணும் யோசிக்காதனு சொன்னீங்களே. அது எதுக்கு?"

"அமைதியா இருந்தாத்தான் ரீடிங் கம்மியா வரும்னு அந்த டாக்டர் பிள்ள சொல்லிச்சுல்லா."

"தூங்குனியானு கேட்டது?"

அவர் டோக்கன் நம்பர் ஓடுகிற போர்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். எனக்குச் செருப்பால் அடி வாங்கியது போலிருந்தது. பொய் சொன்னார், சரி. பழியை என் மேல் போட்டார், அதையும் ஒருநாள் மறந்துவிடுவேன். ஆனால் ஒரு மனுஷி தினமும் இரண்டு வேளை நெஞ்சு நிறைந்து உட்கார்ந்திருந்தாளே, அதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டுப் போய் என் எண்ணைப் படம் பிடித்திருக்கிறார். இவர் அருவிக்கடியில் சுருண்டு விழுந்திருந்தால், எங்க அண்ணாச்சிக்குப் பிரஷரெல்லாம் நார்மலாத்தானே இருந்தது என்று கேட்டு அழுகிற கொழுந்தன்களுக்கு முன்னால் நான் என்ன சொல்லியிருப்பேன்? என் கையை வைத்தே என் தாலியை அறுக்கப் பார்த்திருக்கிறார். அந்த பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதேன்.

ஈ.சி.ஜி. நன்றாக இருந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள். மகளுக்கு அன்று மாலையே நடந்ததைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி விடும்மா, அப்பா பாவம், பயந்து போயிருக்காங்க" என்றாள். நான் விட்டுவிட வேண்டுமாம்.

பதினான்கு நாளும் வீட்டில் தேவைக்குத்தான் பேச்சு. அவர் அருவிக்குப் போகவில்லை. காலையும் மாலையும் மெஷினைத் தானே மாட்டிப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டார். எண்கள் மெல்ல இறங்குவதாக எனக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார். இந்தத் தடவை நான் ஒட்டி உட்காரவில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டிருந்தேன். டாக்டர் எண்களைப் பார்த்தார், பல்ஸைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு என் முகம் தெரியும்படி போனைத் திருப்பச் சொன்னார்.

"போன தடவை கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சார் இப்ப மாத்திரையெல்லாம் சரியாச் சாப்பிடுறாரா? இந்த ரீடிங் எல்லாம் அவரோடதுதானே?"

இவர் என்னைப் பார்த்தார். போலீஸ்காரர் கண் கெஞ்சி நான் பார்த்ததில்லை. ஆமா டாக்டர் என்று நான் சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பொய்யாகக்கூட இருந்திருக்காது, அநேகமாக அவருடைய எண்களாகத்தான் இருக்கும்.

"எனக்குத் தெரியாது டாக்டர்" என்றேன். "அவரையே கேளுங்க."

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். அவரைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் அவருக்கு முந்திக்கொண்டு பதில் சொல்கிறவள் நான். தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. உண்மையாகவே தெரியவில்லை.