நான் பிறந்த வருடத்தில் கட்டிய புது வீடு

போன கிழமை புதுப் போன் வாங்கக் கல்முனைக்குப் போயிருந்தேன். பழைய போனில் கிடந்த படங்களைப் புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்த கடைக்காரர், அவற்றை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு, அண்ணன் என்று முறை வைத்து, "காக்கா, எல்லாம் பழுதாப்போன படமா இரிக்கி. அழிச்சிடட்டா?" என்றார். மையத்து வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரல்.

பழுதில்லை, வேண்டுமென்றே அப்படி எடுத்தது என்று சொல்ல வெட்கமாகிவிட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன. பழைய கமராவைப் போலப் படம் எடுக்கும் ஆப் ஒன்று என்னிடம் இருந்தது. படம் மஞ்சள் பூத்துக் கீறல் விழுந்து வரும். மூலையில் செம்மஞ்சள் எழுத்தில் நாம் விரும்பிய வருடத்தைப் போட்டுக்கொள்ளலாம். நான் பிறந்த வருடத்தைப் போட்டு வைத்திருந்தேன். முதல் வேலை, முதல் போன், தலை கால் தெரியாத காலம். கொத்து ரொட்டி, எருமைத் தயிர்ச் சட்டி, கல்முனைக்குடிக் கரையில் கவிழ்த்த தோணி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. படம் எடுத்து முடிவதற்குள் கொத்து ஆறிவிடும். படத்தில் அது நான் பிறந்தபோதே ஆறிப்போனது மாதிரி இருக்கும்.

வாப்பாவுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. பாரை மீனோடு அவரை நிற்க வைத்து எடுத்துக் காட்டினேன். "புதுப் போன வாங்கி ஏன்டா பழுதாக்கி வெச்சிரிக்காய்?" என்று கேட்டார். அடுத்த நாள் நான் தூங்கும்போது போனைத் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோய்க் கமராக் கண்ணாடியைத் துடைத்து வாங்கி வந்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருடைய கலியாணப் படங்களில் இதே மஞ்சளும் கீறலும் சும்மாவே விழுந்து, அதற்காக ஸ்டூடியோக்காரரோடு சண்டை பிடித்த மனிதர்.

பெயிண்ட் வாசம் வந்தால் இன்றைக்கும் நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். அதற்கும் இந்த ஆப்தான் காரணம்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டித்தான் கலியாணம். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியேறுவார். அதனால் பெண்ணைப் பார்க்கும் கண்ணில் பாதி வீட்டைத்தான் பார்க்கும். என் தங்கச்சிக்குப் பாலமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. அவரது படத்தைப் பார்த்துத் தங்கச்சிக்குப் பிடித்துப்போனது. கேட்டால் நிலத்தைப் பார்ப்பாள், சிரிப்பு மட்டும் அடங்காது. மாப்பிள்ளை வீட்டார், தங்கச்சிக்குக் கட்டும் வீட்டின் படத்தைக் கேட்டார்கள். புது வீட்டின் முகப்பு மட்டும்தான் முடிந்திருந்தது. பின்பக்கம் கல்லும் கம்பியுமாகக் கிடந்தது. அதை மறைத்து, முகப்பை மட்டும் மிக அழகாக எடுத்து அனுப்பினேன். எந்த ஆப்பில் எடுத்தேன் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

பழைய வீட்டைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள், வருடமும் படத்திலேயே கிடக்கிறது என்று பதில் வந்தது. வாப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. தங்கச்சி அழுதுகொண்டே, "காக்கா, எண்ட வாழ்க்கைக்கே ஃபில்டர் போட்டுட்டாயே" என்றாள். சிரிப்பு வந்தது. சிரித்திருந்தால் அன்றைக்கே நான் மௌத்து, உயிரோடு விட்டிருக்கமாட்டார்கள்.

நேரில் வந்து பாருங்கள் என்று வாப்பா கெஞ்சிக் கூப்பிட்டார். மாப்பிள்ளையின் உம்மா வருகிறார் என்றதும் பதற்றத்தில் காலையிலேயே முன்கதவுக்கு இன்னொரு பூச்சுப் பச்சை பெயிண்ட் அடித்தோம். புத்தி எங்கே போனதென்று தெரியவில்லை. மாமி வந்தார். கடலோர வீடென்றால் உப்புப் பொரிந்த சுவரே வயதைச் சொல்லிவிடும் என்று தெரிந்தவர், குனிந்து சுவரின் அடியை நகத்தால் சுரண்டினார். எழும்பும்போது கதவைப் பிடித்தார். உள்ளங்கை முழுக்கப் பச்சை.

"ஓம், பழசுக்குப் பூச்சுப் பூசித்தான் வெச்சிரிக்கீங்க" என்றார்.

படத்திலுள்ளது நான் பிறந்த வருடம் என்று விளக்கப் போனேன். "அப்ப ஒங்களுக்கும் ஊட்டுக்கும் ஒரே வயசு, மகன்" என்றார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து தங்கச்சி வந்தாள். அன்றைக்கு வாயே திறக்கக் கூடாதென்று உம்மா சொல்லி வைத்திருந்த பிள்ளை.

"மாமி, குசினிக்குக் கூரையில்ல. குளிக்கிற அறைக்குக் கதவில்ல. வந்து பாருங்க."

நாங்கள் மூடி மறைத்ததையெல்லாம் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஈரம் காயாத சீமெந்து, நீட்டிக்கொண்டிருந்த கம்பி, அடுப்பு மேடைக்கு மேலே வானம் தெரியும் குசினி. மாமி மேலே பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இது எங்க பழசு? ஊடு இன்னும் பச்ச" என்றார்.

அடுத்த பெருநாளைக்குப் பிறகு கலியாணம். குசினிக்குக் கூரை அதற்கும் பிறகுதான். மாமி கிழமைக்கு ஒருதரம் பாலமுனையிலிருந்து வருவார். நான் போனைத் தூக்கினால் போதும், முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். "என்னை எடுக்காதீங்க மகன், நூறு வயசாக்கிடுவீங்க" என்பார். வீடே சிரிக்கும். சும்மா ஒருதரமாவது எடுக்கலாம் என்று நானும் துரத்துவேன், அவரும் விடமாட்டார்.

நூறு வயதுவரை அல்லாஹ் அவரை வைத்திருக்கவில்லை. மௌத்துச் செய்தி கேட்டுக் கட்டாரிலிருந்து புறப்பட்ட மச்சானுக்கு, தங்கச்சியின் மாப்பிள்ளைக்கு, அடக்கத்துக்கு முன் வந்து சேர முடியவில்லை. எல்லாரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மச்சான், நீங்க எல்லாரையும் படம் எடுப்பீங்கதானே. உம்மாட ஒண்டு இரிக்கா? பழுதாப் போனதெண்டாலும் பரவாயில்ல."

போனில் கிடந்த ஆயிரக்கணக்கான படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். கொத்து ரொட்டிதான் வந்துகொண்டே இருந்தது.