காளவாசலுக்கு வந்த பள்ளிக்கூட மணி

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. பசி தாங்காமல் மதிய மணியை நேரத்துக்கு முன்பே அடித்துவிட்டேன் என்று பள்ளிக்கூட நிர்வாகி என்னை வெளியே தள்ளினார். அது அவருடைய அப்பா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த வெண்கல மணி.

பிறகு நானே மண் மிதித்து, செங்கல் அறுத்து, அரிமளம் சாலையில் சொந்தமாகக் காளவாசல் போட்டேன். சுற்றியிருந்த நிலமெல்லாம் என்னுடையதானது. சுதந்திரம் வந்து சில வருஷத்தில் அவர் பள்ளிக்கூடமும் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடமும் ஒன்றாகச் சேர்ந்தன. இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் உட்கார இடம் வேண்டுமே! நிர்வாகி என் வாசலுக்கு வந்தார்.

“நீங்கதாங்க மனசு வைக்கணும்.”

“நெலத்தைச் சும்மாவே தாரேன். ஒங்க அப்பாவோட மணி மட்டும் எங்கிட்ட வந்துரணும்.”

“அது எங்க குடும்பச் சொத்துங்க.”

“அப்ப மணிய வச்சுக்கிட்டு மரத்தடியில பள்ளிக்கூடம் நடத்துங்க.”

அவர் முகம் கறுத்துப்போனது. மறுவாரம் மணி மாட்டுவண்டியில் வந்து இறங்கியது.

காளவாசலுக்குப் பக்கத்திலேயே எழும்பிய புதுப் பள்ளிக்கூடத்தில், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தின் தண்டவாளத் துண்டுதான் மணியாகத் தொங்கியது. வெண்கல மணியைப் பள்ளிக்கூட மதிலை ஒட்டி என் காளவாசலில் மாட்டினேன். என் ஆட்களைச் சாப்பிடக் கூப்பிட, பள்ளிக்கூடத்து மதிய மணிக்குச் சற்று முன்னால், தினமும் நானே அதை அடிப்பேன். நிர்வாகி தன் அறை ஜன்னலைச் சாத்துவது இங்கிருந்தே தெரியும். சாத்திய பிறகு இன்னும் பலமாக அடிப்பேன்.