வெள்ளைத் தாளில் வந்த அயோடின்

என் சித்தப்பா காற்றிலுள்ள தூசியை அளக்கும் வேலையில் இருந்தார். ஆய்வுக்கூடத்தின் மொட்டைமாடியில் ஓடும் பம்பு காற்றை இழுத்து, ஒரு வடிதாளில் தூசியைப் பிடித்து வைக்கும். அந்தத் தாளை மடித்து, ஈயக் கட்டிகளுக்கு நடுவே இருக்கும் கருவியில் வைத்து, அணுக்கதிர் ஏதும் வருகிறதா என்று பார்ப்பார். தும்மலுக்குக்கூட அனுமதி கேட்கிற மனுஷன் என்று சித்தி கேலி செய்வார்.

சித்திக்குக் கழுத்தில் கட்டி வந்தது. புற்றுநோய். அறுவை முடிந்த பின் கதிரியக்க அயோடினை மருந்தாகக் கொடுத்து, சில நாள் தனியே வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வியர்வை, எச்சிலில்கூட அந்த மருந்து வெளியேறும் என்பதால் இன்னும் கொஞ்ச நாளைக்கு யாரும் நெருங்கக் கூடாது. தனி அறை, தனித் தட்டு. யாரும் பரிதாபப்பட்டுப் பார்ப்பது சித்திக்குப் பிடிக்காது. ஆபீசில் மூச்சு விடக் கூடாது என்று சித்தப்பாவிடம் சத்தியமே வாங்கியிருந்தார்.

வீடு திரும்பிய மறுநாள் மாலை, மூடிய அறைக்குள் சித்தி அழுவது கேட்டது. விலகியிருக்க வேண்டிய காரணம் சித்தப்பாவுக்குத் தெரியாததல்ல. இருந்தும் கதவைத் திறந்துகொண்டு போனார். பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குட்டையால் சித்தியின் முகத்தைத் துடைத்துவிட்டார். கைக்குட்டை அவர் பையிலேயே தங்கிவிட்டது.

அந்த வாரம் எங்கோ தொலைவில் ஓர் அணு உலை விபத்துக்குள்ளானதாகச் செய்தி வந்திருந்தது. காற்று எந்தப் பக்கம் திரும்புமோ என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சித்தி அழுத மறுநாள் காலை சித்தப்பா கருவியில் வைத்த தாளில் எண்கள் ஏறின. அயோடின். காற்றில் வந்தால் புல் வழியாகப் பசும்பாலிலும் இறங்கிவிடும்; குழந்தைகளுக்கு அந்தப் பாலைக் கொடுக்க வேண்டாம் என்று ஊர் முழுக்க அறிவிக்க வேண்டியிருக்கும். ஆய்வுக்கூடத் தலைவியை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அயோடின் மட்டும் வந்திருக்கு, சீசியத்தக் காணோம். உலையிலேர்ந்து வந்தா ரெண்டும் சேர்ந்துதானே வரும்? மாப்பிள்ளை மட்டும் தனியா கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கே சார். எதுக்கும் ஒரு வெள்ளைத்தாள் வெச்சுப் பாருங்க."

பம்பின் பக்கமே போகாத புதுத்தாள் ஒன்றை எடுத்து, சித்தப்பா அதேபோல மடித்து வைத்தார். அதிலும் அயோடின். கருவியில் கோளாறோ என்று ஒருவர் கேட்டார். காலியாக ஓட்டிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. அப்படியானால் மடித்த கையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கையுறை போடுமுன் கை கழுவி, பையிலிருந்த கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, அதே கையால் கையுறையை இழுத்து மாட்டியது சித்தப்பாவுக்கு நினைவு வந்தது.

வாயைத் திறந்தால் சத்தியம் போய்விடும். திறக்காவிட்டால் ஊரே கலங்கும். கைக்குட்டையை எடுத்துக் கருவிக்குள் வைத்தார். எண்கள் எங்கோ ஏறிப் போயின.

"வீட்ல அவங்களுக்கு அயோடின் மருந்து குடுத்திருக்காங்க மேடம்," என்றார்.

யாரும் கோபிக்கவில்லை. வேறொருவர் பம்பில் புதிய வடிதாளை மாட்டி ஓட்டி, மறுபடி அளந்தார். காற்று சுத்தமாக இருந்தது. மேடம் மெல்லிய குரலில், வீட்டம்மாவுக்கு உடம்பு தேறும்வரை விடுப்பில் இருக்கச் சொன்னார். போகும்போது ஒவ்வொருவராக வந்து நலம் விசாரித்தார்கள்.

அன்று மாலை மூடிய கதவுக்கு வெளியே நின்று சித்தப்பா எல்லாவற்றையும் சொன்னார். உள்ளேயிருந்து சித்தி கேட்டார்.

"அப்போ நான் அழுதது உங்க மெஷின்ல தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சு."

"எல்லாரும் பாத்தாங்களா?"



பிறகு மருத்துவர்கள் சோதித்து, உடம்பில் அயோடின் இல்லை, தாராளமாக நெருங்கலாம் என்றார்கள். கதவு திறந்தது, ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், சித்தி பழையபடி கேலியும் பேசினார். ஆனால் நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. வலி வரும்போதெல்லாம் சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். மறுபடி இந்தப் பக்கம் திரும்பும்போது முகம் உலர்ந்திருக்கும்.

கடைசி வாரத்தில் ஒருநாள் சித்தப்பா கெஞ்சியே விட்டார்.

"என்கிட்டயாவது அழுதுடும்மா."

"ஆபீஸ் போற மனுஷன். சட்டையைக் கெடுத்துக்காதீங்க."

சித்தப்பா வேலையை விட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அது சித்திக்குத் தெரியும்.