சிஸ்டர் என்று கூப்பிடாதே

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், குவைத்தின் ஃபஹாஹீலில் நான் நர்ஸாக இருந்த கிளினிக்கில் ஓர் ஐரோப்பியப் பெண்மணி தலைமை நர்ஸாக இருந்தார். அறுபது வயதிருக்கும். நெடுநெடுவென்ற உயரம், ஒட்ட வெட்டிய வெள்ளை முடி. யாராவது சிஸ்டர் என்று கூப்பிட்டால் திரும்பியே பார்க்க மாட்டார். கர்வம் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

ஒரு மதியம் டியூட்டி ரூமில் கையில் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார். மறந்துபோய், "சிஸ்டர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

"சிஸ்டர்னா எனக்குக் கன்னியாஸ்திரீங்க ஞாபகம்தான் வரும்," என்றார். "பதினாறு வயசுல கர்ப்பமானேன். அப்பாவே கொண்டுபோய் அவங்க மடத்துல விட்டார். நாலு வருஷம் பூட்டின கதவுக்குள்ள ஊரார் துணியெல்லாம் துவைச்சேன். குழந்தையை என்னைக் கேக்காமலே யாருக்கோ கொடுத்துட்டாங்க."

நான் கான்வென்ட்டில் படித்தவள். சிஸ்டர்கள் கையால் பரிசு வாங்கியவள்.

கடிதத்தை என்னிடம் நீட்டினார். மடங்களில் பெண்கள் பட்ட பாட்டுக்கு அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்று அவர் தன் நாட்டு அரசுக்கு எழுதியிருந்தார். அதற்கு வந்த பதில் அது. 'தாங்கள் விருப்பப்பட்டு அங்கு பணிபுரிந்தவர். இதில் அரசுக்குப் பொறுப்பில்லை' என்றிருந்தது.

"நான் தப்பிச்சு ஓடினப்ப, பிடிச்சு மறுபடி அங்கேயே விட்டது யார் தெரியுமா?" என்று கேட்டார். "போலீஸ்."

சொல்லிவிட்டு, பதில் எழுத ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். இது எத்தனையாவது கடிதம் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.