கூட்டினால் எட்டு

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி. அன்னூர் ரோட்டு நூற்பாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில், ஓடுகிற மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு ரைஹான் வேர்த்துக் கொட்டினான். சனிக்கிழமை சாயங்காலம் அவன் அமைத்துவிட்டுப் போன கம்பியில்லா இணைப்பு இன்றைக்குச் செத்துக் கிடந்தது. நூல் வாங்க வருகிற ஜப்பான்காரர் பதினொரு மணிக்கு இதே கூடத்துக்கு வருகிறார். அவரை அழைத்துவர முதலாளி நரசிம்மலு விமான நிலையத்துக்குப் போயிருந்தார்.

விஷயம் இதுதான். கூடத்தில் நூலின் பலத்தைச் சோதித்தால் முடிவு லேப்டாப்பில் விழும். அங்கிருந்து காற்று வழியாகவே அலுவலகக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். அதற்காக அலுவலகத்தில் வைக்கும் பெட்டியையும் லேப்டாப்பில் சொருகும் கார்டையும் அமெரிக்காவிலிருந்த முதலாளியின் மருமகன் அனுப்பியிருந்தார். “காத்துல போறத பக்கத்து மில்லுக்காரன் புடிச்சுக்க மாட்டானுங்களா?” என்று முதலாளி பயந்ததால், ரைஹான் பத்து இலக்க ரகசிய எண் ஒன்றைப் போட்டுப் பூட்டியிருந்தான். பெட்டியிலும் அதே எண், லேப்டாப்பிலும் அதே எண். ஒரு இலக்கம் பிசகினாலும் இரண்டும் பேசிக்கொள்ளாது.

லேப்டாப்பில் இருந்தது லினக்ஸ். அந்த நாளில் கோயமுத்தூரில் அதைத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். கோட்டைமேட்டில் தகரப்பெட்டி செய்து விற்ற அப்துல் வஹீதின் மகனுக்கு அது எப்படி வந்தது என்கிறீர்களா? கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சீடியை வைத்துக்கொண்டு, பாலிடெக்னிக் முடித்த கையோடு ஒரு வருஷம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலைதான் கிடைக்கவில்லை. குண்டுவெடிப்பு நடந்த வருஷம் அது. ஏழு இடத்துக்குப் போனான். ஏழு இடத்திலும் விலாசத்தைப் படித்தவுடன் முகம் மாறியது, “சொல்லி அனுப்பறோமுங்க” என்றார்கள். எட்டாவதாகக் காந்திபுரத்து சர்வீஸ் கடை ஒன்றில்தான் உள்ளே விட்டார்கள். அந்தக் கடை அனுப்பித்தான் இந்த மில்லுக்கு வந்திருந்தான். அவன் தெருவில் அவனோடு பந்து விளையாடிய இரண்டு பேரை விசாரணைக்கென்று கூட்டிப்போய்ப் பல நாள் வைத்திருந்தார்கள். ஒன்றுமில்லை என்று அனுப்பிய பிறகும் அவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. போலீஸ் ஏட்டில் மட்டும் தன் பெயர் ஏறிவிடக் கூடாது என்பதுதான் ரைஹானுக்கு அப்போதிருந்த ஒரே வேண்டுதல்.

கார்டைப் பிடுங்கி, துடைத்து, மறுபடி சொருகினான். லேப்டாப் இரண்டு முறை கீச்சென்றது, கார்டு நலம். சிக்னலைப் பார்த்தான், முழுசாக இருந்தது. அலுவலகக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டால் மட்டும் பதில் இல்லை. ஆள் எதிரே நிற்கிறான், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான், அந்தக் கதை. அலுவலகத்துக்கு ஓடிப் பெட்டியை அணைத்து மறுபடி போட்டுவிட்டு வந்தான். சீட்டில் எழுதி வைத்திருந்த எண்ணையும் லேப்டாப்பில் இருந்த எண்ணையும் விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டான். 4719036257. எந்தப் பிசகும் இல்லை.

மேனேஜர் சுப்பண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க தம்பி, ஆகுதுங்களா இல்லீங்களா?”

ரைஹான் உள்ளதைச் சொன்னான். அங்கேதான் வந்தது வினை.

“இந்தப் பக்கம் எல்லாம் சரியா இருக்குங்க. ஆபீஸ் பெட்டியில யாரோ நம்பர மாத்தியிருக்காங்க.”

“யாரோவா? நம்பரு தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. ஒண்ணு மொதலாளி. இன்னொண்ணு யாரு?”

ரைஹான் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான்.

“மொதலாளி எதுக்கு மாத்தறாரு? சொல்லு பாக்கலாம்.”

கொங்கு நாட்டில் சண்டைக்கு வருகிறவன்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் ஆரம்பிப்பான். சனிக்கிழமை வரைக்கும் ‘உக்காருங்க தம்பி, காப்பி குடிங்க’ என்று உபசரித்த மனுஷனின் வாயிலிருந்து மரியாதை கழன்று விழுந்ததும் ரைஹான் எழுந்து நின்றான்.

“பக்கத்து மில்லுக்காரன்கிட்ட எதையாச்சும் வாங்கிப்போட்டு இந்த வேலை பண்றயா? இல்ல வேற ஏதாச்சும் திட்டமா? உங்க ஆளுகள நம்பி உள்ள விட்டது எங்க தப்பு.”

“என்ன வேணாலும் பேசுங்க. அத மட்டும் பேசாதீங்க சார்.”

கோபத்தில் அவன் குரல் உடைந்தது. சுப்பண்ணன் அதைக் குற்றவாளியின் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்! வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டைச் சாத்தச் சொன்னார். ரைஹானை அலுவலகத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து, அவன் கண்ணெதிரிலேயே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். “பேருங்களா? ரைஹானுங்க. கோட்டைமேடுங்க. ஆமாங்க, கோட்டைமேடேதான்.” முதலாளியின் செல்போனையும் கூப்பிட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. கேட்டுக்குப் போய்க் காத்திருக்கிறேன் என்று விறுவிறுவென்று போனார்.

அந்த அறையில் மிச்சமிருந்தது ராமாமணி. பதினெட்டு வருஷமாக அந்த மில்லில் டைப்பிஸ்ட். இவ்வளவு நேரம் குனிந்த தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தவள், போனில் அந்தத் தெருப் பெயரைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டாள்.

“ஏனுங்க தம்பி,” என்று மெல்லக் கூப்பிட்டாள். “நாஞ் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க. என்ற பொழப்பு போயிரும். ஐயா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு.”

“என்னங்கக்கா?”

“நேத்து லீவு நாள்லயும் ஐயா என்னைய வரச் சொல்லியிருந்தாருங்க. நியூமராலஜிக்காரரு வந்திருந்தாருங்க. இந்த மில்லுல அவரு பாக்காம ஒரு லாரிக்குக்கூட நம்பர் வாங்கறதில்லீங்க. நீங்க ஐயாகிட்டக் குடுத்திருந்த சீட்டப் பாத்துப்போட்டு, கூட்டினா எட்டு வருது, சனியன் நம்பரு, ஏவாரம் படுத்துரும்னாருங்க. ஐயா ஒடனே அமெரிக்காவுக்குப் போனப் போட்டு, மாப்பள சொல்லச் சொல்ல இந்தக் கம்ப்யூட்டர்ல தட்டி மாத்திட்டாருங்க. என்ன நம்பருன்னு எனக்குத் தெரியாதுங்க.”

ரைஹான் தன் சீட்டை எடுத்துக் கூட்டினான். நாற்பத்து நான்கு. நாலும் நாலும் எட்டு. அட பாவிகளா! பூட்டை மாற்றியவர் சாவியை மாற்றவில்லை. பெட்டியின் அமைப்பை அங்கிருந்த கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் எண் வெறும் நட்சத்திரங்களாகத்தான் தெரிந்தது. அதை மாற்றும் கடவுச்சொல்லையும் முதலாளி மாற்றியிருந்தார்.

“எட்டு ஆகாதுன்னா, எந்த நம்பருங்க ஆகும்?”

“அஞ்சும் ஒம்பதும்னா ஐயாவுக்கு உசுருங்க.”

மணி பத்து ஐம்பது. பத்து இலக்கத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். ஆனால் அவசரத்தில் மாற்றுகிறவன் கடைசி இலக்கத்தில்தான் கை வைப்பான் என்று அவனுக்குப் பட்டது. கூடத்துக்கு ஓடினான். ஐந்து வருவதற்குக் கடைசி ஏழை நாலாக்கி, கார்டை அணைத்து மறுபடி போட்டான். பதில் இல்லை. கேட்டருகே கார் ஹாரன் கேட்டது. தப்பும் தவறுமாகத் தட்டி, அழித்து, நாலை எட்டாக்கினான். கூட்டினால் நாற்பத்தைந்து, ஒன்பது.

ஒரு வரி வந்தது. அடுத்து இன்னொன்று. அலுவலகக் கம்ப்யூட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. ரைஹான் மேஜையில் தலையைக் கவிழ்த்து, சத்தம் வராமல் அழுதான்.

ஜப்பான்காரர் வந்தார், பார்த்தார், நூலை இழுத்து அறுத்துச் சோதித்தார், அலுவலகத் திரையில் எண்கள் விழுவதைக் கண்டு தலையாட்டினார். நரசிம்மலுவின் முகமெல்லாம் பல். “பாத்தீங்களா சுப்பண்ணா, நல்ல நம்பரா இருந்தா எல்லாம் தானா நடக்கும்!” என்று காதோடு சொன்னார். சுப்பண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கேட்பதற்குள் போலீஸ் ஜீப் உள்ளே வந்து நின்றது.

“யாருய்யா ரைஹான்? நம்பர மாத்துனது நீதானா? ஏறு வண்டியில.”

விருந்தாளி முன்னால் நரசிம்மலு திகைத்து நின்றார். நடந்தது இன்னதென்று அவருக்கு மெல்லப் புரிந்தது. சொன்னால் மானம் போகும். எட்டுக்குப் பயந்தவன் என்று ஜப்பான்காரர் வரைக்கும் தெரிந்துபோகும். அவர் தரையைப் பார்த்தார். ரைஹான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ராமாமணி சொன்னதைச் சொன்னால் அவள் வேலை போகும், அதனால் வாயைத் திறக்கவில்லை.

ராமாமணியே வெளியே வந்தாள்.

“ஐயாதானுங்க மாத்துனாரு. எட்டு வரக் கூடாதுன்னு. நான் பக்கத்துல நின்னு பாத்தேனுங்க.” சொல்லிவிட்டு முதலாளி பக்கம் திரும்பினாள். “என்னைய வேலைய உட்டு நிறுத்துனாலும் சரிங்கய்யா. கோட்டைமேட்டுப் பையன், உள்ள போனா வெளிய வர்றது எப்பங்க?”

நரசிம்மலு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஆமாங்க, நான்தான். பெட்டியில மாத்துனா எல்லாத்துலயும் மாறிக்கும்னு நெனச்சுப்போட்டேன்.”

ஜீப்பில் வந்த ஹெட் கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். “சரி சரி, வேலையப் பாருங்க. ஏட்டுல பேரு எழுதியாச்சு, அது கெடக்குது, வுடுங்க.”

“கெடக்கக் கூடாதுங்க சார்,” என்றான் ரைஹான். அன்றைக்கு அவன் குரல் நடுங்காமல் வந்தது அப்போதுதான். “அத அடிக்காம நான் ஊட்டுக்குப் போக மாட்டேனுங்க.”

நரசிம்மலு சுப்பண்ணனைப் பார்த்தார். சுப்பண்ணன் வேறெங்கோ பார்த்தார். “நீங்க விருந்தாளியப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு முதலாளியே ரைஹானைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் போனார்.

ஸ்டேஷனில் ரைட்டர் ஏட்டைப் புரட்டிப் பேனாவை எடுத்தார். “அடிச்சர்றேங்க. அப்ப நம்பர மாத்துனது யாருன்னு எழுதட்டும்?”

“நரசிம்மலுன்னே எழுதுங்க,” என்றார் முதலாளி.

ரைட்டர் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ரைஹான் எட்டிப் பார்த்தான். கோட்டுக்கு அடியில் அவன் பெயரும் தெருவும் பளிச்சென்று படிக்கும்படி இருந்தன.

“இன்னொரு கோடு போடுங்க சார்,” என்றான்.