ஊசி படாத கவுன்

மூன்று வாரம் உட்கார்ந்து செய்த கவுன் அது. இணையத்தில் இருக்கும் ஒரு கற்பனை உலகத்தில் உலவுகிற உருவங்கள் உடுத்துவதற்காகக் கணினியில் நான் உருவாக்கியது. கத்திரிப்பூ நிறம். பாவாடை விரிந்தால் நடன மண்டபமே நிறைந்துவிடும். அதே நிறத்தில் ஒரு தொப்பி, எங்கள் வீட்டு வாசலில் நுழையாத அகலம்.

பாளையங்கோட்டையில் இந்த வேலைக்குப் பெயர் கிடையாது. அதனால் அம்மா சொந்தக்காரர்களிடம், "வீட்லயே உடுப்பு தைக்கா" என்று சொல்லி வைத்திருந்தாள். விளக்கி விளக்கி வாய் வலித்து நானும் விட்டுவிட்டேன்.

கவுனை முடித்த அன்று அண்ணன் மனைவி வந்தாள். ஆசையாகத் திரையைக் காட்டினேன்.

"இத யாரு உடுத்துவா? ஆளே இல்லாத உடுப்புல்லா" என்றாள் மதினி. பிறகு ஒரு பட்டுச்சேலையை என் மடியில் போட்டாள். "சும்மாதான இருக்க, இதுக்கு ஃபால்ஸ் அடிச்சு வையி. ஞாயித்துக்கெழம கல்யாணத்துக்குக் கட்டணும்."

எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது. அதைச் சொன்னால் அம்மாவின் மானம் போகும். எரிச்சலை விழுங்கிக்கொண்டு, தெருமுக்கில் இருக்கும் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்து வாங்கி வந்தேன்.

கல்யாண மண்டபத்தில் அம்மா, மதினியின் சேலை ஓரத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். "எம்மவ தச்சது. எவ்வளவு நேர்த்தியா இருக்கு பாருங்க."

பொய்யைச் சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டிருந்தாள். என் வேலையை அவள் பெருமையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். அதில் ஓர் இழைகூட நான் தைத்ததில்லை.